முப்பத்தொரு ராத்தல் பந்து

பந்து சுவரில் பட்டால் ஒரு சத்தம். தரையில் பட்டால் வேறு சத்தம். இரண்டும் மாறி மாறி வந்தால் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார் என்று பொருள்.

நேமத்தான்பட்டியில் எங்கள் ஆத்தா வீடு. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். வெயில் முற்றத்தில் பாதிவரை வந்திருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தின் ஒரு கோடியில் நின்றார். எதிர்க்கோடியில் புதிதாகப் பூசிய சுவர். பந்தை எறிவார். அது போய் இடித்துவிட்டு, தரையில் ஒரு குதி குதித்து, அவர் கைக்கே வந்து சேரும்.

நான் தூணடியில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஆத்தாவின் குரல் வந்தது.

"சாலா, செவரு புதுசுன்னு சொல்லு."

அவர் காதில் விழுந்துவிட்டது. பத்தடி தூரம்தான். ஆனாலும் நான் சொல்ல வேண்டும்.

"செவரு புதுசாம்."

"பந்தும் புதுசுதான்னு சொல்லு."

"பந்தும் புதுசுதானாம் ஆத்தா."

பந்து மறுபடி போய் இடித்தது.

நான் இருந்த இடம்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது புரியாது. எங்கள் பக்கம் அப்போது மாமியார் மாப்பிள்ளையோடு நேரில் பேசுவது கிடையாது. முன்னால் வந்து நிற்பதும் கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்று பெண்ணிடம் சொல்வார்கள். பெண் மாப்பிள்ளையிடம் சொல்வாள். மாப்பிள்ளை பதில் சொன்னால் அதே வழியில் திரும்பும்.

எங்கள் ஆத்தாவுக்குக் குரல் பெரிது. கதவுக்குப் பின்னால் நின்று பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும். என் வீட்டுக்காரருக்கும் காது கூர்மை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் தேவையே இல்லை. ஆனாலும் நான் சொன்ன பிறகுதான் அவருக்குக் கேட்டதாகக் கணக்கு.

அவர் பெயரை இந்தத் தொடரில் எங்கும் எழுதவில்லை. பத்திரிகைக்காரர் கேட்டுப் பார்த்தார். சொல்லிப் பழக்கமில்லை, எழுதவும் வரவில்லை. அவருக்கும் ஒரு பெயர் இருந்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டைச் சுவர்

சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணனுக்கு ஆவணியில் கல்யாணம். அதற்காக முற்றத்துச் சுவரைப் புதிதாகப் பூசினார்கள். சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, அரைத்து, துணியில் சலித்து, முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசுவார்கள். பிறகு கூழாங்கல்லால் தேய்ப்பார்கள். தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் சுவரில் முகம் தெரியும்.

சுற்று வட்டாரத்து முட்டையெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது. வெள்ளை சுவருக்குப் போயிற்று. மஞ்சள் எங்களுக்கு வந்தது. காலையில் மஞ்சள், மத்தியானம் மஞ்சள். இன்றைக்கும் எனக்கு முட்டை என்றால் ஆகாது.

வேலை முடித்துப் போன கொத்தனார் ஆத்தாவிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "ஆச்சி, உள்ளுக்குள்ள ஈரம் போக நாளாகும். அதுவரைக்கும் செவத்துல சாயக்கூட விடாதீக."

ஆத்தா யாரையும் சாய விடவில்லை. பூனையைக்கூட அங்குட்டு விடவில்லை. மாப்பிள்ளையை மட்டும் எப்படி விரட்டுவது என்று தெரியவில்லை.

பந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டணத்தில் காலேஜில் விளையாடும் டென்னிஸ் பந்து. வெள்ளையாக, மேலே பஞ்சு மாதிரி ரோமத்தோடு இருக்கும். எங்கள் வீட்டில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆத்தா கதவிடுக்கில் பார்த்துவிட்டு, "அது என்னடி, பூசணம் பூத்த கொழுக்கட்டை?" என்றாள். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குக் கேட்டிருக்கும்.

பெயில்

மாப்பிள்ளை மாமியார் வீட்டில் இத்தனை நாள் தங்குவது வழக்கமில்லை. ஒரு விருந்து, இரண்டு விருந்து, கிளம்பிவிட வேண்டும். இவர் கிளம்பவில்லை. காரணம் உண்டு.

இண்டர்மீடியட் பரீட்சையில் பெயிலாகிவிட்டார். மற்றதெல்லாம் பாஸ். பௌதிகம் மட்டும் பெயில். கொத்தமங்கலத்தில் தன் தகப்பனார் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. கல்யாண வேலைக்கு ஒத்தாசை என்று சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒத்தாசை என்றால் பந்து.

என் மாமனார் கோபப்படுகிறவர் இல்லை. தீர்த்துச் சொல்கிறவர். "புரட்டாசியில மறுபடி எழுதட்டும். பாஸானா மேல படிக்கட்டும். பட்டணத்துல வீடு பாத்துக் குடித்தனம் வைக்கிறேன். பெயிலானா மோல்மேன் கடைக்குப் போகட்டும்." அவ்வளவுதான் சொன்னார்.

பர்மாவில் மோல்மேன் ஊரில் மாமனாருக்குக் கடை. அங்கே போனால் மூன்று வருஷம். பெண்டுகளைக் கூட்டிப்போவது கிடையாது.

அது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நான் பிறந்தபோது என் தகப்பனார், எங்கள் அப்பச்சி, பர்மாவில் இருந்தார். திரும்பி வந்தபோது நான் ஓடிப்போய் வாசலில் நின்றேனாம். என்னைப் பார்த்து, "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்றாராம். ஆத்தா அதை எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வாள். சொல்லி முடித்ததும் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் பாஸாக வேண்டும் என்று இருந்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. புளியில் கொட்டை எடுத்தேன்.

வந்தது போச்சு

எந்தக் கேள்வியில் கோட்டை விட்டார் என்று அவரே சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமே இல்லை. தான் எழுதியதுதான் சரி, திருத்தியவர் தப்பு என்று நம்பிக்கொண்டிருந்தார்.

கேள்வி இதுதான். ஒரு பந்து போய்ச் சுவரில் பட்டு, அதே வேகத்தில் திரும்புகிறது. சுவர்மேல் அது காட்டிய சராசரி விசை எவ்வளவு?

நான் எழுதப் படிக்க மட்டும் படித்தவள். ஆனால் இந்தக் கணக்கை எத்தனையோ தரம் கேட்டதால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பந்தின் எடையை வேகத்தால் பெருக்க வேண்டும். சுவரில் படுமுன் எவ்வளவு, பட்ட பின் எவ்வளவு, மாறியது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மாறியதை, பந்து சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த நேரத்தால் வகுக்க வேண்டும்.

பந்து இரண்டு அவுன்ஸ், அதாவது ஒரு ராத்தலில் எட்டில் ஒரு பங்கு. வேகம் நொடிக்கு நாற்பது அடி. பெருக்கினால் ஐந்து. தொட்ட நேரம் நொடியில் நூறில் ஒரு பங்கு.

"அஞ்சு வந்துச்சு. அஞ்சு போச்சு. கழிச்சா ஒண்ணுமில்லை. செவத்துக்கு விசை சூன்யம். இதுல என்ன தப்பு?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கும் தப்புத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் கண்ணை மூடி யோசித்தார். "வந்தது வந்தபடியே போயிருச்சு. பாக்கி நிக்கலை. நேர்தானே?" என்றார். பந்தடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பங்காளி ஒருவரும் அதையே சொன்னார்.

எங்கள் ஊர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். வரவும் செலவும் ஒத்துப்போனால் எங்கள் ஆட்களுக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது. பரீட்சை திருத்தியவர் வேறு ஊர்க்காரர்.

அதை நிரூபிக்கத்தான் அவர் சுவரில் அடித்துக்கொண்டிருந்தார். அடித்து எப்படி நிரூபிப்பார் என்று நான் கேட்கவில்லை.

நடுவில் இருப்பவள்

நாளாக ஆகப் பேச்சு தடித்தது.

"சாலா, கல்யாணத்துக்கு வர்றவுக செவத்தைப் பாப்பாகளா, ஓட்டையப் பாப்பாகளான்னு கேளு."

"ஓட்டை எங்க இருக்குன்னு காட்டச் சொல்லு."

"விழுந்த பின்னாடி காட்டி என்ன செய்யிறது? படிக்க வந்த மாப்பிள்ளைக்குப் புத்தகம் எங்குட்டு இருக்குன்னு கேளு."

"முட்டையெல்லாம் செவத்துக்கே ஊட்டிட்டாக, மாப்பிள்ளைக்கு எதைத் தின்னு படிப்பு ஏறும்னு கேளு."

"பெயிலானதும் முட்டையாலதானாமான்னு கேளு."

நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வந்ததை வந்த வேகத்தில் அனுப்பினேன். ஆத்தா சொன்னதை அவரிடம் சொன்னால் அவர் என்னை முறைப்பார். அவர் சொன்னதை ஆத்தாவிடம் சொன்னால் ஆத்தா என்னை முறைப்பாள். சொன்னவர்களை யாரும் முறைப்பதில்லை.

ஒருநாள் ஆத்தா சுவரோரம் போய்ப் பார்த்தாள். அவர் குளிக்கப் போயிருந்தார். மயிரிழை மாதிரி ஒரு கோடு, விரல் நீளத்துக்கு. அவர் வரும்வரை பேசாமல் இருந்தாள். வந்ததும் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"சாலா, விரிசல் விட்டிருச்சுன்னு சொல்லு."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "கணக்குப்படி செவத்துக்கு ஒண்ணுமே படலை. விரிசல் தானா வந்திருக்கும்னு சொல்லு" என்றார்.

அன்றைக்குக் காலையிலிருந்து எனக்குத் தலைவலி. புளிச்சட்டியைக் கீழே வைத்தேன்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

நான் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

"வாங்கையில எனக்கு ஒரு இடி. திருப்பி அனுப்பையில இன்னொரு இடி. ரெண்டும் எனக்குத்தான். நீங்க வந்தது போச்சு, சரியாப்போச்சுன்னு கழிச்சுக்கிறீக. எனக்குக் கழியலை. கூடிக்கிட்டே போகுது."

எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். முகம் கழுவினேன். அழவில்லை. தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது.

பத்து

வெகுநேரம் பந்துச் சத்தம் கேட்கவில்லை. பிறகு அவர் குரல் வந்தது.

"சாலா, இங்குட்டு வா."

போனேன். முற்றத்துத் தரையில் சாக்கட்டியால் எழுதிவைத்திருந்தார். காலையில்தான் நான் துடைத்த தரை.

"கழிக்கக் கூடாது" என்றார். முகம் வேறு மாதிரி இருந்தது. "வந்தது அந்தத் திசை. போனது இந்தத் திசை. ரெண்டும் ஒண்ணு இல்லை. வந்த பந்தை நிப்பாட்ட ஒரு அஞ்சு. அதைத் திருப்பி அனுப்ப இன்னொரு அஞ்சு. மொத்தம் பத்து."

"அதைத்தான நான் சொன்னேன்."

"நீ கணக்கா சொன்னே?"

"இல்லை. சண்டையாச் சொன்னேன்."

அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. எழுதிக்கொண்டே போனார். பத்தை நொடியில் நூறில் ஒரு பங்கால் வகுத்தால் ஆயிரம். அது புத்தகத்துக்கு உண்டான அளவு. நம் கைக்குத் தெரிகிற எடையாக்க முப்பத்திரண்டால் வகுக்க வேண்டும். வகுத்தார். முப்பத்தொரு ராத்தலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

சாக்கட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். கையில் இருந்த பந்தைப் பார்த்தார். இரண்டு அவுன்ஸ் பந்து, ஒவ்வொரு தரமும் சுவரை முப்பத்தொரு ராத்தல் கனத்துக்கு இடித்திருக்கிறது. பத்து நாளாக.

பிற்காலத்தில் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். தானே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சொல்வார். நான் காப்பி கொண்டுவந்து வைப்பேன். மறுத்ததில்லை. டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன்.

கதவுக்குப் பின்னால் ஆத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாலா, முப்பத்தொரு ராத்தல்னா எம்புட்டுன்னு கேளு."

அவர் தயங்கினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "பெரிய குடம் நிறையத் தண்ணி எம்புட்டுக் கனக்குமோ அம்புட்டுன்னு சொல்லு."

"ஒரு குடம் தண்ணியவா இத்தனை நாளா எஞ் செவத்துல எறிஞ்சாகன்னு கேளு."

"அது சராசரிதான்னு சொல்லு. நடுவுல ஒரு கணம் அதுக்கு மேலயும் ஏறும்."

இதை ஏன் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கேட்காததையும் சேர்த்துச் சொல்கிற பழக்கம் படித்தவர்களுக்கு இருக்கிறது.

பிறகு சமாதானமாக ஒன்று சொன்னார். பந்து அமுங்குகிறதாம். அதனால் சுவரைக் கொஞ்சம் அதிக நேரம் தொடுகிறதாம். நேரம் கூடினால் விசை குறையுமாம். இதே எடையுள்ள கல்லாக இருந்தால் சுவர் இன்னும் பாடுபட்டிருக்குமாம்.



"கல்லால அடிக்காம விட்டதுக்குக் கும்பிடுறேன்னு சொல்லு. பந்தை வாங்கிட்டு வா."

கையை நீட்டினேன். கொடுத்தார். ஆத்தா அதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினாள். சரியான விடை கண்டுபிடித்ததற்கு அவருக்குக் கிடைத்த முதல் பரிசு அது.

விரிசலை ஆத்தா கொத்தனாரைக் கூப்பிட்டுச் சரிசெய்தாள். பந்து போனபின் அவருக்குப் படிப்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று. ஆத்தா தினமும் அவர் இலையில் ஒரு முட்டையை முழுசாக வைத்தாள்.

பாஸ்

அண்ணன் கல்யாணம் நன்றாக நடந்தது. வந்தவர்கள் சுவரில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்கள். புரட்டாசியில் அவர் பரீட்சை எழுதினார். பேப்பரில் நம்பர் வந்தது. பாஸ்.

நான் பட்டணத்துக்கு எந்தப் பாத்திரத்தை எடுத்துப்போவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தவலை, ஒரு இட்லிக் கொப்பரை, அம்மி அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

கொத்தமங்கலத்தில் என் மாமனார் பேப்பரை மடித்துவைத்தார். மகனை உட்காரச் சொன்னார்.

"எதுல பெயிலானே?"

"பௌதிகக் கணக்குல."

"இப்ப அதுல எப்படி?"

"நல்ல மார்க்கு வந்திருக்கும் அப்பச்சி."

"கணக்கு இம்புட்டு நல்லா வருதே. மேல என்னத்துக்குப் படிக்கணும்? இப்படி ஒரு ஆளுதான் கடைக்கு வேணும்."

அவ்வளவுதான். பெயிலானால் தண்டனையாகக் கடை. பாஸானால் பரிசாகக் கடை. கொடுத்த வாக்கை நினைவுபடுத்த என் வீட்டுக்காரருக்கு வாய் வரவில்லை. எனக்கு அந்த வீட்டில் அப்போது வாயே கிடையாது.

தை மாதம் கப்பல். அதற்குமுன் சொல்லிக்கொள்ள நேமத்தான்பட்டிக்கு வந்தோம். முற்றத்தில் நின்றோம். அவர் எனக்கு ஆறுதல் சொல்லப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"நேரம் கூடினா விசை குறையும் சாலா. மூணு வருஷத்தால வகுத்துப் பாரு. ஒரு நாளைக்கு ஒண்ணுமே இராது."

"வகுக்கிறது நீங்க. வாங்குறது நான்" என்றேன்.



அப்போது அடுப்படிக் கதவு திறந்தது. ஆத்தா வெளியே வந்தாள். வெளிச்சத்தில் வந்து அவருக்கு நேரே நின்றாள்.

"மாப்பிள்ளை" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் பயந்துபோனோம்.

"பந்து எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க வந்து கேட்டு வாங்கிக்கிடுங்க."

அவருக்குக் கையைக் கட்டுவதா, விடுவதா என்று தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"சரின்னு சொல்லு" என்றார்.

மூன்று வருஷம்

இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கொத்தமங்கலத்தில் இருந்தேன். வேலை இருந்தது.

பந்து

திரும்பி வந்தவர் தன் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டார். மறுநாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு நேமத்தான்பட்டிக்கு வண்டி கட்டினார். கறுத்திருந்தார். காதோரம் ஒன்றிரண்டு நரை. என்னைப் பார்த்து யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் நல்லது.

முற்றத்துக்கு வந்ததும், "பந்தைக் கேளு" என்றார்.

ஆத்தா பெட்டகத்தைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். பந்து பழுப்பேறி, கர்ப்பூர வாசனையோடு இருந்தது. பழைய இடத்தில் போய் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஆத்தா தடுக்கவில்லை. எறிந்தார்.

தொப்பென்று ஒரு சத்தம். பந்து சுவரடியிலேயே விழுந்து கிடந்தது. ரப்பர் செத்துப்போயிருந்தது. அவர் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.

"இப்ப செவத்துக்கு எம்புட்டு?" என்று கேட்டேன்.

யோசித்தார். "பாதி இருக்கும். நிப்பாட்டினதோட சரி. திருப்பி அனுப்பலையே."

"அப்ப திரும்பி வந்தாத்தான் முழுசும்."

"ஆமா" என்றார். சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். அதில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம்.

ஆத்தா மறுபடி கதவுக்குப் பின்னால் போயிருந்தாள்.

"சாலா, செவத்துக்கு ஒண்ணும் ஆகலையேன்னு பாரு."

கிட்டப் போய்ப் பார்த்தேன். பந்து பட்ட இடத்தில் வட்டமாக மங்கியிருந்தது. முந்தானையால் துடைத்தேன். போகவில்லை.

"ஒண்ணும் ஆகலை ஆத்தா" என்றேன்.